அளந்ததும் நிலை மாறுகிறது, சரி. எந்தக் கணத்தில், யாருடைய கடிகாரத்தில்?

கேத்தி_பள்ளத்தாக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. செமினாருக்கு "சார்பியலில் குவாண்டம் அளவீடும் காரணகாரியமும்"னு தலைப்பு எடுத்திருக்கேன். ரெண்டு இடத்துல நிக்குது. நம்ம ஊர்க் கணக்கிலேயே கேக்கிறேன்.

ஊட்டியில ஒரு க்யூபிட் (0, 1 ரெண்டையும் அவற்றோட மேற்பொருத்தலையும் எடுக்கிற குவாண்டம் பொருள்), குன்னூர்ல ஒரு க்யூபிட், ரெண்டும் பின்னிய நிலையில (entangled, தனித்தனியா எழுத முடியாத கூட்டு நிலை) இருக்கு. நேர்கோட்டுல 12 கி.மீ.ன்னு வச்சுக்கலாம். ஒளி போய்ச் சேர 40 மைக்ரோசெகண்ட். ஊட்டியில அளந்து 1 மைக்ரோசெகண்ட் கழிச்சு குன்னூர்ல அளக்கிறாங்க.

கேள்வி 1: ஊட்டியில அளந்த "அதே கணத்துல" குன்னூர் நிலை மாறுதுன்னு புத்தகம் சொல்லுது. அதே கணம்னா யார் கடிகாரப்படி?

கேள்வி 2: எந்த ஹெர்மீஷியன் இயக்கியையும் (அளக்கற பண்பைக் குறிக்கிற கணிதப் பொருள்) அளக்கலாம், அளந்தா நிலை அதோட ஐகன்வெளியில, அதாவது கிடைச்ச விடைக்குரிய நிலைகள்ல வீழும்னு படிச்சிருக்கோம். சார்பியல் வந்தா இந்த விதியே உடையுதுன்னு ஒரு விரிவுரையில கேட்டேன். ஒளி எட்டாத இடங்கள்ல உள்ள இயக்கிகள் இடம் மாத்திப் பெருக்கினாலும் ஒண்ணுதானே, அப்புறம் எப்படி உடையும்? "செய்தி போகாது, அதனால பிரச்சினை இல்லை"ன்னு முடிச்சிடாம எண் போட்டுச் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

தொட்டபெட்டா2637:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊட்டி அளவீடு 0 நேரத்தில், குன்னூர் அளவீடு 1 மைக்ரோசெகண்டில். அந்த 1 மைக்ரோசெகண்டில் ஒளி 0.3 கி.மீ. போகும், தூரமோ 12 கி.மீ. இரண்டின் விகிதம் 0.025. ஆகவே ஊட்டியிலிருந்து குன்னூர் திசையில் ஒளிவேகத்தில் 2.5 சதவீதத்துக்கு மேல், அதாவது நொடிக்கு 7,500 கி.மீ.க்கு மேல் போகும் நோக்கருக்கு குன்னூர் அளவீடுதான் முதலில் நடக்கிறது. "ஊட்டியில் அளந்ததால் குன்னூர் நிலை சரிந்தது" என்ற வாக்கியத்தை அவர் அப்படியே திருப்பிப் போடுவார். இருவர் கணிக்கும் நிகழ்தகவுகளும் ஒன்றே. ஒவ்வொரு செயலும் அதனதன் க்யூபிட்டை மட்டும் தொடுகிறது, வரிசை மாறினாலும் விடை மாறாது.

சரிவை, அதாவது அளந்ததும் நிலை மாறுவதை, ஒளிக்கூம்போடு (ஒரு நிகழ்வுக்கு ஒளி வந்தோ அதிலிருந்து போயோ சேரக்கூடிய வெளிநேர எல்லை) கட்டிப்போட ஒரு முயற்சி நடந்தது. ஹெல்விக், க்ராஸ் இருவரும் 1970-ல் சொன்ன விதிப்படி நிலைமாற்றம் அளவீட்டின் கடந்தகால ஒளிக்கூம்பின் மேல் நிகழ்கிறது. எந்த நோக்கருக்கும் அது பொது, பார்க்க அழகாகவே இருக்கிறது. உள்ளூர் அளவீடுகளின் நிகழ்தகவுகளைச் சரியாகவும் தருகிறது. ஆனால் 1980-81-ல் அஹரோனோவ், ஆல்பர்ட் இருவரும் இரண்டு இடங்களைத் தழுவிய சில கூட்டுப் பண்புகளையும் காரணகாரியத்தை மீறாமல் சரிபார்க்க முடியும் என்று காட்டினார்கள். உங்கள் இரண்டு க்யூபிட்டும் பின்னிய நிலையில்தான் இருக்கின்றன என்பதை அளவீட்டுக்குச் சற்று முன்புவரை சோதித்துக்கொண்டே இருக்கலாம். கடந்தகாலக் கூம்பிலேயே நிலை சரிந்துவிட்டது என்றால் அந்தச் சோதனை தோற்க வேண்டும், ஆனால் தோற்பதில்லை.

அதனால் செமினாரில் இப்படிச் சொல்லுங்கள்: நிலை என்பது ஒவ்வொரு ஸ்பேஸ்லைக் பரப்புக்கும் (எந்த இரு புள்ளிக்கும் இடையே ஒளி போக முடியாத வெளிநேர வெட்டு) தனித்தனியாகக் குறிக்கப்படும் கணக்கு. ஒரே புள்ளியின் வழியாகப் போகும் இரண்டு பரப்புகள் அந்தப் புள்ளிக்கு வெவ்வேறு கதை சொல்லலாம். அளந்து கிடைக்கும் எண்களில் மட்டும் முரண் வராது.

லேம்ப்ஸ்_ராக்:

சின்ன இடைச்செருகல். ஒளி எட்டாத தூரத்துல தொடர்பு இருந்தாலே மர்மம்னு சில பேர் ஆரம்பிச்சிடுவாங்க, அதை முதல்லயே வெட்டிடணும். ஊட்டியில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தோட கிரேப்ஸ்-3 இருக்கு. காஸ்மிக் கதிர்ப் பொழிவைப் பிடிக்கிற சுமார் 400 சின்டிலேட்டர்கள், 8 மீட்டர் இடைவெளியில. செங்குத்துக்கு 30 டிகிரி சாய்ஞ்சு ஒரு பொழிவு வந்தா பக்கத்துப் பக்கத்து டிடெக்டர் ரெண்டும் அதிகபட்சம் 13 நானோசெகண்ட் வித்தியாசத்துல துடிக்கும். 8 மீட்டருக்கு ஒளிக்கு வேண்டியது 27 நானோசெகண்ட். அதாவது ஒண்ணு இன்னொண்ணுக்குச் செய்தி சொல்லியிருக்கவே முடியாது, ஆனா ரெண்டும் சேர்ந்து துடிக்குது. காரணம் மேலே வளிமண்டலத்துல, ரெண்டுக்கும் பொதுவான கடந்தகாலத்துல இருக்கு. பெல் சமனின்மை, அதாவது பொதுக் காரணம் மட்டும் இருந்தா தொடர்பு தாண்ட முடியாத வரம்பு, மீறப்படறது சொல்றது வேற: அந்த மாதிரி ஒரு பொதுக் காரணத்தை மட்டும் வச்சு விளக்க முடியாத தொடர்பும் உண்டுங்கறது. இந்த ரெண்டையும் குழப்பக் கூடாது.

கொடை_மூடுபனி:

கேள்வி 2 தான் இந்தத் துறையின் உயிர்நிலை. விரிவாகவே எழுதுகிறேன்.

ரஃபேல் சார்கின் 1993-ல் சுட்டிக்காட்டியது இது. "ஒளி எட்டாத இரு பகுதிகளின் இயக்கிகளை வரிசை மாற்றலாம்" என்ற நிபந்தனை இரண்டு பகுதிகளுக்குப் போதும். நடுவே மூன்றாவது பகுதி வந்தால் போதாது.

உங்கள் ஊர்களையே வைத்துக்கொள்கிறேன். பகுதி ஒன்று: 0 நேரத்தில் ஊட்டிக்காரர் தன் க்யூபிட்டைத் திருப்புகிறார், அல்லது தொடாமல் விடுகிறார். பகுதி இரண்டு: 1 மைக்ரோசெகண்டில் ஊட்டி, குன்னூர் இரண்டையும் தழுவிய ஒரு கூட்டு அளவீடு. பகுதி மூன்று: 2 மைக்ரோசெகண்டில் குன்னூரில் மட்டும் ஓர் அளவீடு. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே ஒளி போக வழியில்லை, 2 மைக்ரோசெகண்டில் அது 600 மீட்டர்தான் தாண்டும். ஆனால் இரண்டாம் பகுதியின் ஊட்டி முனை ஒன்றின் எதிர்காலத்தில் இருக்கிறது. அதன் குன்னூர் முனை மூன்றின் கடந்தகாலத்தில் இருக்கிறது.

தொடக்க நிலை |01⟩. முதல் இலக்கம் ஊட்டி, அடுத்தது குன்னூர். கூட்டு அளவீடு கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "நிலை ஃபை+ ஆ, இல்லையா?" ஃபை+ என்பது (|00⟩+|11⟩)/√2.

ஊட்டிக்காரர் தொடாவிட்டால்: |01⟩-க்கும் ஃபை+ க்கும் உட்பெருக்கம் 0. விடை கட்டாயம் "இல்லை". நிலை அப்படியே |01⟩. குன்னூர்க்காரர் அளந்தால் நூற்றுக்கு நூறு 1.

ஊட்டிக்காரர் திருப்பினால்: நிலை |11⟩. ஃபை+ உடன் உட்பெருக்கம் 1/√2, ஆகவே பாதி நிகழ்தகவில் "ஆம்", நிலை ஃபை+ ஆகிறது. "இல்லை" என்றால் மிஞ்சுவது |11⟩ − (|00⟩+|11⟩)/2, அதாவது (|11⟩−|00⟩)/2. இதன் நெறியின் (நீளத்தின்) வர்க்கம் 1/2. இதுவும் முழுமையாகப் பின்னிய நிலைதான், ஃபை−. எந்த விடை வந்தாலும் குன்னூர் க்யூபிட் தனியாகப் பார்த்தால் முழுக்கக் கலவை: 0 பாதி, 1 பாதி.

அதாவது குன்னூர்க்காரர் 0-வைப் பார்த்துவிட்டால் ஊட்டியில் திருப்பியிருக்கிறார்கள் என்று 2 மைக்ரோசெகண்டிலேயே தெரிந்துவிடும். நடு அளவீட்டின் விடையை யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. 40 மைக்ரோசெகண்டுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது.

கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை "இந்த அளவீட்டை இவ்வளவு குறுகிய நேரத்தில் செய்து முடிக்கலாம்" என்ற ஊகத்தில் இருக்கிறது. ஃபை+ மேல் விழும் அந்தப் புரொஜெக்‌ஷன் முறையான ஹெர்மீஷியன் இயக்கிதான். ஆனாலும் தூர இருக்கும் இரண்டு க்யூபிட்டில் ஒளி போய்ச் சேருமுன் அதை இலட்சிய முறையில் அளக்கும் கருவி இயற்கையில் இல்லை. சார்பியல் அளவீட்டுக்கு வரம்பு போடுகிறது என்ற எண்ணம் பழையது, லாண்டாவும் பையர்ல்ஸும் 1931-லும் போரும் ரோசன்ஃபெல்டும் 1933-லும் அதைப் பற்றி எழுதினார்கள். சார்கின் கொண்டுவந்தது மூன்று பகுதிகள் என்ற கூர்மை.

கேத்தி_பள்ளத்தாக்கு:

நன்றி மேடம், இப்ப கை வச்சுக் கணக்குப் போட முடியுது. ஆனா ஒரு இடிப்பு. டெலிபோர்ட்டேஷன்ல (ஒரு க்யூபிட்டோட நிலையை இன்னொரு இடத்துக்கு மாத்தற முறை) பெல் அளவீடு செய்யறாங்களே. நாலு பெல் நிலைல (ஃபை+, ஃபை−, அப்புறம் (|01⟩±|10⟩)/√2ங்கற சை+, சை−) எதுன்னு முழுசா கேக்கறது தப்பில்லை, "ஃபை+ ஆ இல்லையா"ன்னு குறைவா கேக்கறது தப்புன்னா தலைகீழா இல்லையா? குறைவா தெரிஞ்சுக்கிட்டா குறைவாத்தானே கலையணும்?

லேம்ப்ஸ்_ராக்:

நல்ல இடத்துல கை வச்சிருக்கீங்க. டெலிபோர்ட்டேஷன்ல பெல் அளவீடு ஒரே மேசை மேல நடக்குது, ரெண்டு க்யூபிட்டும் பக்கத்துலயே. அதனால அதை ஒதுக்கிடுங்க. ஆனா 12 கி.மீ. தள்ளி வச்சும் நாலு பெல் நிலைகளையும் பிரிக்கிற அளவீட்டை ஒளி வர்றதுக்குள்ள செய்ய முடியும். செய்முறை இது.

முன்கூட்டியே ரெண்டு உதவி ஜோடி பகிர்ந்து வச்சிருக்கணும், ரெண்டுமே ஃபை+ நிலையில, ஒவ்வொண்ணுலயும் பாதி ஊட்டியில, பாதி குன்னூர்ல. ஊட்டியில முதல் ஜோடியோட பாதி மேல சி-நாட் போடுங்க: தரவு க்யூபிட் கட்டுப்படுத்தும், அது 1 ஆ இருந்தா உதவி க்யூபிட் திரும்பும். குன்னூர்லயும் அதே. ரெண்டு பேரும் உதவி க்யூபிட்டை 0/1 அடிப்படையில அளக்கணும். ஊட்டிக்குக் கிடைக்கிற பிட் தனியாப் பார்த்தா வெறும் சீரற்ற பிட், குன்னூரோடதும் அப்படியே. ரெண்டையும் எக்ஸார் பண்ணினா (ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1) தரவு க்யூபிட்டுகளோட 0/1 ஒற்றுமை, அதாவது பாரிட்டி. அடுத்து தரவு க்யூபிட் மேல ஹடமார்ட் (0/1 அடிப்படையை +/− ஆ மாத்தற செயல்; +, −ங்கறது (|0⟩±|1⟩)/√2) போட்டு, ரெண்டாவது ஜோடியோட அதையே செஞ்சு, திரும்ப ஹடமார்ட். இப்ப +/− பாரிட்டியும் வந்தாச்சு. ரெண்டு பாரிட்டியும் சேர்ந்தா எந்த பெல் நிலைன்னு முடிவாயிடும். பிட்டுகளை ஒரே இடத்துல சேர்க்க 40 மைக்ரோசெகண்ட் ஆகும், ஆனா தரவு க்யூபிட்டுகள் மேல நடக்க வேண்டியது ஏற்கெனவே நடந்து முடிஞ்சது.

தப்பு எங்க வரும்? உதவி ஜோடி சுத்தமா இல்லைன்னா ஒவ்வொரு பக்கத்து பிட்டும் தன் தரவு க்யூபிட்டைப் பத்திக் கொஞ்சம் கசிய விடும், ஒற்றுமையைத் தவிர வேறயும் அளந்த மாதிரி ஆயிடும். பின்னல் உடையும். ரெண்டாவது, ஹடமார்டைத் திருப்பிப் போட மறந்தா பாரிட்டி சரியா வரும், ஆனா ஃபை−, சை+ ரெண்டும் ஒண்ணு இன்னொண்ணா மாறி நிக்கும்.

இனி உங்க கேள்வி. "ஃபை+ ஆ"ன்னு மட்டும் கேக்கற அளவீடு மத்த மூணு பெல் நிலைகளுக்கு நடுவுல இருக்கிற ஓரியல்பை (coherence, மேற்பொருத்தலைக் கட்டிக் காக்கற தொடர்பு) தொடாம விடணும். பிரச்சினையே அந்தத் தொடாம விடறதுலதான். |01⟩ங்கறது சை+, சை− ரெண்டோட மேற்பொருத்தல். அளவீடு அவங்க ரெண்டு பேரையும் பிரிக்கல, அதனால குன்னூர்ல 1 உறுதியா நிக்குது. |11⟩ங்கறது ஃபை+, ஃபை− ரெண்டோட மேற்பொருத்தல். அந்த ஜோடியை அளவீடு பிரிச்சிடுது, குன்னூர் கலங்கிடுது. நாலையும் பிரிச்சிட்டா திருப்பினாலும் திருப்பாட்டியும் குன்னூர் பாதிக்குப் பாதிதான், சொல்ல ஒண்ணும் இல்லை.

"நாலையும் அளந்துட்டு மூணை மறந்துடலாமே"ன்னு கேப்பாங்க. மறந்தா ஓரியல்பு திரும்பி வராது, அது வேற செயல்.

தொட்டபெட்டா2637:

லேம்ப்ஸ் சொன்னதை வைத்து "முழு அளவீடு பாதுகாப்பு, அரைகுறை ஆபத்து" என்று விதி எழுதிவிடாதீர்கள், அது பொய்க்கும். இந்த அடிப்படையைப் பாருங்கள்: |00⟩, |01⟩, |1+⟩, |1−⟩. நான்கும் பின்னாத நிலைகள், செங்குத்தானவை, அளவீடும் முழுமையானது. குன்னூர் |0⟩ உடன் ஆரம்பிக்கட்டும். ஊட்டி |0⟩ தந்தால் கூட்டு அளவீட்டுக்குப் பின் குன்னூர் |0⟩ ஆகவே இருக்கும். ஊட்டி |1⟩ தந்தால் குன்னூர் க்யூபிட் +/− அடிப்படையில் அளக்கப்பட்டு, 0-வும் 1-உம் பாதிப் பாதி. செய்தி போய்விட்டது. எதிர்த்திசையில் போகாது: குன்னூர் என்ன செய்தாலும் ஊட்டி க்யூபிட் 0/1 அடிப்படையில் மட்டுமே கலைகிறது. அதனால் ஊட்டியிலிருந்து ஒரு பிட் அனுப்பக் காத்திருந்தால் இதைச் செய்யலாம். காத்திருக்காமல் முடியாது.

எந்த அளவீடுகள் தப்பும் என்று போபெஸ்குவும் வைட்மனும் 1994-ல் ஆராய்ந்தார்கள். பெக்மன், காட்டெஸ்மன், நீல்சன், பிரெஸ்கில் நால்வரும் 2001-ல் இன்னும் பொதுவாக: செய்தி கடத்தாத செயல்கள் ஒரு தொகுதி, பகிர்ந்த பின்னலும் உள்ளூர்க் கருவிகளும் மட்டும் கொண்டு செய்யக்கூடியவை இன்னொரு தொகுதி. இரண்டாவது முதலாவதுக்குள் அடங்கும், ஆனால் சமம் அல்ல. செய்தி கடத்தாமலேயே, உள்ளூரில் செய்ய முடியாத செயலும் இருக்கிறது. செமினாரில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு ஸ்லைடு கொடுங்கள்.

கொடை_மூடுபனி:

இரண்டு க்யூபிட்டோடு நின்றால் பாதிக் கிணறுதான். புலத்துக்கு வருவோம்.

குவாண்டம் புலக் கோட்பாட்டில் ஒவ்வொரு வெளிநேரப் பகுதிக்கும் ஓர் இயக்கிக் குடும்பம் உண்டு. ஒளி எட்டாத பகுதிகளின் இயக்கிகள் இடம்மாறும். இவ்வளவும் இருந்தும் சார்கின் சிக்கல் அப்படியே வரும், அவருடைய மூலக் கட்டுரையே புலங்களைப் பற்றியதுதான். கூடவே இன்னொன்று: ரீ-ஷ்லீடர் தேற்றப்படி (1961) எல்லைக்குட்பட்ட பகுதியைச் சேர்ந்த எந்த இயக்கியும், அது சுழி இயக்கியாக இல்லாதவரை, வெற்றிடத்தை அழிக்காது. நடைமுறையில் இதற்குப் பொருள்: கறாராக உள்ளூரில் அடங்கிய எந்த டிடெக்டரும் வெற்றிடத்தில்கூடச் சில நேரம் துடிக்கும். அந்தத் துடிப்பை எலக்ட்ரானிக்ஸ் இரைச்சல் என்று கழித்துவிட முடியாது, கோட்பாடே தருவது அது.

அப்படியானால் அளவீட்டை எப்படி எழுதுவது? இன்றைக்கு நிற்கும் வழி ஃபியூஸ்டர், வெர்ச் இருவரும் அமைத்த சட்டகம் (2020-ல் வெளியானது). அளக்க வேண்டிய புலத்தோடு இன்னொரு புலத்தை, அதாவது புரோபை, எல்லைக்குட்பட்ட ஒரு பகுதியில் மட்டும் இணைப்பது. இணைப்பு முடிந்தபின், அந்தப் பகுதியின் கடந்தகாலத்தில் சேராத இடத்தில் புரோபை அளப்பது. சிதறல் மேப் (இணைப்புக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை இணைக்கும் கணக்கு) வழியாக அந்த விடை மூலப் புலத்தின் எந்த அப்சர்வபிளுக்கு, அதாவது அளக்கும் பண்புக்கு, ஒப்பானது என்று கணக்கிடலாம். அது இணைப்புப் பகுதியின் காரணகாரிய உறைக்குள் (அதிலிருந்து புறப்பட்டு அதற்கே வந்து சேரும் காரணப் பாதைகள் தொடும் இடங்கள்) அடங்கும்.

2021-ல் போஸ்டெல்மன், ஃபியூஸ்டர், ரூப் மூவரும் இதைச் சார்கின் சிக்கலோடு மோதவிட்டார்கள். புரோபும் இணைப்பும் உள்ளூர் விதிக்குக் கட்டுப்பட்டவை என்றால் ஒன்றிலிருந்து மூன்றுக்குச் செய்தி போவதே இல்லை. சாத்தியமற்ற அளவீட்டுக்குச் சாத்தியமற்ற கருவிதான் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எந்த இயக்கியை அளக்கலாம் என்று கேட்பதை விட, எந்தக் கருவியை எழுதலாம் என்று கேட்பதே சரியான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

"புரோபை யார் அளப்பது?" என்று அவையில் ஒருவர் கண்டிப்பாக எழுவார். அதற்கு இன்னொரு புரோப் வைக்கலாம், அதற்கும் இன்னொன்று. சங்கிலி எங்கே முடிகிறது என்பதை இந்தச் சட்டகம் சொல்வதில்லை, சொல்வதாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. அளவீட்டுச் சிக்கலின் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது.

வெலிங்டன்_பெஞ்ச்:

புலத்தைப் புலத்தால் அளப்பது கணிதத்தில் சுத்தம், கணக்குப் போடப் பாரம். பெரும்பாலோர் பயன்படுத்துவது அன்ரூ-டிவிட் டிடெக்டர்: இரண்டு ஆற்றல் மட்டமுள்ள ஒரு பொருள், குறிப்பிட்ட நேரம் மட்டும் புலத்தோடு இணைந்து பிரிகிறது. 2022-ல் போலோ-கோமெஸ், கராய், மார்ட்டின்-மார்ட்டினெஸ் மூவரும் இதையே வைத்து ஓர் அளவீட்டுக் கோட்பாடு அமைத்தார்கள். சிமுலேஷன் எழுதப் போகிறீர்கள் என்றால் கால் வழுக்கும் இடங்கள் இவை.

சுழலும் அலைத் தோராயம். குவாண்டம் ஒளியியலில் பழகிய கையோடு எதிர்ச் சுழற்சி உறுப்புகளை (வேகமாக ஊசலாடிச் சராசரியில் மறையும் என்று கொள்ளப்படுபவை) தூக்கிவிடுவோம். அவற்றைத் தூக்கினால் இணைப்பு உள்ளூர்த்தன்மையை இழக்கும், ஒளிக்கூம்புக்கு வெளியே போலிச் செய்தி தோன்றும். ஃபெர்மியின் 1932 இரண்டு-அணுச் சிக்கலை (ஓர் அணு விட்ட ஒளி இன்னொன்றை எப்போது எட்டும் என்பது) சுற்றிய குழப்பத்தில் இந்த மாதிரித் தோராயங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒளி வரும் நேரத்துக்கு முன் ஏதாவது தெரிந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

டிடெக்டரின் பருமன். புள்ளி டிடெக்டர் காரணகாரியத்தை மீறாது, ஆனால் கணக்கில் முடிவிலிகள் வரும். பருமன் கொடுத்தால் முடிவிலி போகும், ஆனால் டிடெக்டர் தன் உடல் முழுதும் ஒரே கணத்தில் உணர்கிறது என்று மாதிரி வைத்துக்கொள்கிறது. அதனால் பருமனை ஒளிவேகத்தால் வகுத்த அளவுக்குப் பிழை: அணுவுக்குச் சுமார் 10-ன் அடுக்கு −19 நொடி வரிசை, 0.3 மி.மீ. சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டுக்கு 1 பிகோசெகண்ட். அதைவிட நுணுக்கமான நேர முடிவை இந்த மாதிரியிலிருந்து எடுக்கக் கூடாது. இணைப்பு வலிமையின் தாழ்ந்த வரிசைகளில் சார்கின் வகைச் செய்தி தெரியாது, உயர் வரிசைகளில்தான் தலைகாட்டும். இரண்டாம் வரிசையோடு நிறுத்திவிட்டு "மீறல் இல்லை" என்று எழுதுவது அரைச் சோதனை.

இணைத்துப் பிரிக்கும் வேகம். திடீரென்று சுவிட்ச் போட்டால் டிடெக்டர் வெற்றிடத்திலேயே பலமாகத் துடிக்கும், அது சுவிட்சின் ஆற்றல். மெதுவாக ஏறி இறங்கும் வடிவம் வேண்டும்.

காஸியன் வால். இதுதான் அதிகம் ஏமாற்றுவது. வெற்றிடத்திலிருந்து இரண்டு டிடெக்டர்கள் பின்னலை அறுவடை செய்யும் கணக்குகளில் (வாலன்டினி 1991, ரெஸ்னிக் 2003) சுவிட்ச் வடிவமாகக் காஸியனைப் போடுவார்கள், கணக்கு எளிது என்று. காஸியனுக்கு முடிவு கிடையாது. மையத்திலிருந்து 5 அகலம் தள்ளிப் போனாலும் மதிப்பு சுமார் 0.0000037. நீங்கள் கண்ட பின்னலும் அதே வரிசையில் இருந்தால் அது வெற்றிடத்திலிருந்து வந்ததா, வால் வழியாக டிடெக்டர்கள் பேசிக்கொண்டதா என்று சொல்ல முடியாது. சரிபார்க்க, புலத் தொடர்பை கம்யூட்டேட்டர் பகுதி (வரிசை மாற்றிப் பெருக்கினால் வரும் வித்தியாசம்), ஆன்டிகம்யூட்டேட்டர் பகுதி (இரண்டு வரிசையின் கூட்டல்) என்று பிரித்து எழுதுங்கள். முதலாவது செய்திப் போக்குவரத்து, இரண்டாவது உண்மையான அறுவடை. இரண்டையும் தனித்தனியாகப் பிளாட் போட்டால் ஒரே பார்வையில் தெரியும்.

கேத்தி_பள்ளத்தாக்கு:

இதை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டேன் சார். ஒரு ஸ்லைடு சோதனை பத்தி வேணும். ஊட்டி-குன்னூர் நடுவுல நிஜமாவே பெல் சோதனை வைக்கணும்னா நேரக் கணக்கு எப்படி இருக்கும்?

வெலிங்டன்_பெஞ்ச்:

முதலில் நடந்தவற்றின் அளவு. 2015-ல் ஓட்டையற்ற பெல் சோதனைகள் (ஒளி வழிச் செய்தி, தொலைந்த போட்டான் என்ற இரண்டு சாக்கையும் ஒன்றாக அடைத்தவை): டெல்ஃப்டில் 1.3 கி.மீ., கொலராடோவில் 184 மீட்டர், வியன்னாவில் 58 மீட்டர். ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியின் நீளமே 530 மீட்டர், ஒளிக்கு 1.77 மைக்ரோசெகண்ட். கொலராடோ, வியன்னா சோதனைகளுக்கு அதன் இரு முனைகளே போதும். டெல்ஃப்டில் கையில் இருந்தது 4.27 மைக்ரோசெகண்ட், எஸ் மதிப்பு (பொதுக் காரணம் மட்டும் என்றால் 2-ஐத் தாண்டாது) 2.42, பிழை 0.20. 2023-ல் சூரிச்சில் சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்களை 30 மீட்டர் குளிர்க்குழாயில் இணைத்தார்கள்.

இனி நம்முடையது. மூலம் நடுவில், இருபுறமும் நேர்கோட்டில் 6 கி.மீ., ஒளிக்கு 20 மைக்ரோசெகண்ட். ஃபைபர் மலைச்சாலை வளைவோடு போகும், ஒரு பக்கத்துக்கு 10 கி.மீ. என்று வையுங்கள். கண்ணாடியில் கி.மீ.க்கு 5 மைக்ரோசெகண்ட், ஆகவே போட்டான் 50 மைக்ரோசெகண்டில் வரும். அளவீட்டுத் திசையைப் போட்டான் வரும் கணத்தில் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வு மூலத்தின் ஒளிக்கூம்புக்குள் 30 மைக்ரோசெகண்ட் ஆழத்தில் கிடக்கிறது. மூலம் தேர்வைப் பாதித்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் இல்லை. அதனால் வெளியீட்டிலிருந்து 20 மைக்ரோசெகண்டுக்குள், 19-ல் என்று வைப்போம், தேர்வை முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். குன்னூரில் 19-ல் நடந்த தேர்வின் ஒளி ஊட்டிக்கு 59-ல் வரும். போட்டான் 50-ல் வருகிறது. விடை பதிவாக மீதமிருப்பது 9 மைக்ரோசெகண்ட். நானோகம்பி டிடெக்டருக்கு இது தாராளம்.

நேரம் தப்பித்தாலும் இழப்பு கழுத்தைப் பிடிக்கும். 1550 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.2 டெசிபெல், 10 கி.மீ.க்கு 2 டெசிபெல், மிஞ்சுவது 63 சதவீதம். எபர்ஹார்ட் எல்லை, அதாவது தொலைந்த போட்டான்களைச் சாக்காக்க விடாமலிருக்கத் தேவையான குறைந்தபட்சப் பிடிப்பு, 66.7 சதவீதம். டிடெக்டர் நூறு சதவீதம் பிடித்தாலும் கண்டறிதல் ஓட்டை திறந்தேதான் இருக்கும். திறந்தவெளி ஒளிக்கற்றை என்றால் 20 மைக்ரோசெகண்டில் வந்துவிடும், நேரக் கணக்கு அழகாகிவிடும். ஆனால் ஊட்டி மூடுபனியில் கற்றை நிற்காது. ஆகவே டெல்ஃப்ட் வழிதான்: இரு ஊரிலும் நினைவு க்யூபிட், அவற்றிலிருந்து போட்டான் நடுவே சந்தித்து "ஜோடி தயார்" என்று மணி அடித்தபின் வந்த முயற்சிகளை மட்டும் எண்ணுவது. தொலைந்த போட்டான் எண்ணிக்கையில் சேராது, சோதனை மெதுவாகும், அவ்வளவுதான். நினைவு க்யூபிட் போட்டான் நடுவுக்குப் போகும் 50 மைக்ரோசெகண்டையும் அதற்கு மேலும் தாங்க வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் 326 மீட்டர், உதகை ஸ்டேஷன் 2,203 மீட்டர். இந்த உயர வித்தியாசத்தில் ஈர்ப்பினால் மட்டும் உதகைக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 17.7 நானோசெகண்ட் முன்னே ஓடும். ஒரு வருடம் திருத்தாமல் விட்டால் 6.5 மைக்ரோசெகண்ட், மேலே சொன்ன 9-ல் பெரும்பகுதி போச்சு. ஊட்டி-குன்னூர் வித்தியாசம் இதைவிடச் சிறிது, வாராவாரம் ஒத்துப்பார்த்தால் கவலையில்லை.

தொட்டபெட்டா2637:

அந்த "விடை பதிவாக" என்ற சொல்லில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அளவீடு எப்போது முடிகிறது? டிடெக்டர் மின்துடிப்பு தந்தபோதா, ஏதாவது கனமான பொருள் நகர்ந்தபோதா? ஜெனீவா குழு 2008-ல் 18 கி.மீ. இடைவெளியில் இதைக் கையாண்டது. ஒவ்வொரு துடிப்பும் பீசோ மூலம் ஒரு கண்ணாடியை நகர்த்தும்படி வைத்து, அந்த நகர்வும் முடிந்தபின்னும் மறுமுனை ஒளி எட்டாத தூரத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒளிக்கு 60 மைக்ரோசெகண்ட், கண்ணாடி நகரச் சுமார் 7. உங்கள் 40-க்குள்ளும் அது அடங்கும்.

கேத்தி_பள்ளத்தாக்கு:

கடைசியா ஒண்ணு. சார்கின் கணக்குல நடு அளவீட்டை ரொம்ப மென்மையா, அதாவது வீக்கா செஞ்சா? விடையைப் பத்திக் கொஞ்சமே தெரிஞ்சுக்கிற மாதிரி? அப்ப தப்பிச்சிடலாமா?

கொடை_மூடுபனி:

தப்பிக்க முடியாது, கணக்கு சிறியதுதான், போட்டுவிடலாம். |11⟩ என்பது (ஃபை+ − ஃபை−)/√2. முழு அளவீடு இந்த இரண்டுக்கும் இடையிலான குறுக்கு உறுப்புகளை முற்றாக அழிக்கிறது. மென்மையான அளவீடு அவற்றை (1 − எப்சிலான்) மடங்காகக் குறைக்கிறது. குன்னூர் க்யூபிட்டை மட்டும் விவரிக்கும் குறுக்கிய அணியை எடுத்தால் வருவது: (1 − எப்சிலான்) பங்கு |1⟩, எப்சிலான் பங்கு முழுக் கலவை. எனவே 0 கிடைக்கும் நிகழ்தகவு எப்சிலானில் பாதி. ஊட்டியில் திருப்பாவிட்டால் அது கறாராகச் சுழி.

எப்சிலான் 0.02 என்று எடுங்கள். ஒரு ஜோடிக்கு 0.01. இதே அமைப்பில் 500 ஜோடிகளை ஒரே நேரத்தில் வைத்து, ஊட்டியில் எல்லாவற்றையும் திருப்பினால் குன்னூரில் ஒரு 0 கூட வராமல் போக வாய்ப்பு 0.99-ன் 500-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.0066. 99.3 சதவீத உறுதியோடு 2 மைக்ரோசெகண்டில் செய்தி போய்விடும். மென்மையாக்கினால் ஜோடிகளின் எண்ணிக்கைதான் கூடும். எப்சிலான் சுழியாக இல்லாத எந்த மதிப்புக்கும் அந்தக் கருவி கிடையாது.